வாசலுக்கு வந்து சேராத வெள்ள எச்சரிக்கை

2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி தில்லி பழைய ரயில்வே பாலத்தில் யமுனை நதியின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978 செப்டம்பரில் பதிவான 207.49 மீட்டர் என்ற 45 ஆண்டு கால உச்ச அளவு அதற்கு முந்தைய நாளே முறியடிக்கப்பட்டிருந்தது. செங்கோட்டையின் மதில் ஓரத்திலும், ராஜ்காட்டிலும், ஐ.டி.ஓ. சந்திப்பிலும் வெள்ளம் புகுந்தது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மேம்பாலங்களின் அடியிலும் சாலையோரக் கூடாரங்களிலும் தஞ்சம் அடைந்தன. நாட்டில் முதன்முதலாக 1958-இல் வெள்ள முன்னறிவிப்புப் பணி தொடங்கப்பட்ட அதே பாலத்தின் அடியில், அந்தப் பணியின் பயன் என்ன என்ற கேள்வியை யமுனை எழுப்பிவிட்டுச் சென்றது.

அது சொல்லாமல் வந்த வெள்ளம் அல்ல. தில்லிக்கு வடக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், ஹரியாணாவில் உள்ள ஹத்னிகுண்ட் கதவணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேற்றப்பட்டால் தலைநகரில் வெள்ள எச்சரிக்கை அறிவிக்கப்படுவது நெடுநாளைய நடைமுறை. அந்த நீர் தில்லியை வந்தடைய வழக்கமாக இரண்டு, மூன்று நாள்கள் ஆகும். 2023 ஜூலை 11-ஆம் தேதி அங்கிருந்து 3.59 லட்சம் கன அடி வரை வெளியேற்றப்பட்டது. அதற்கு முந்தைய நாளே தில்லியில் நதி அபாய அளவான 205.33 மீட்டரைத் தாண்டியிருந்தது. அளவுகோல் இருந்தது, அலுவலர்கள் இருந்தனர், கணக்கும் இருந்தது. இருந்தும், கரையோரத்தில் வசித்த பலர் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த பிறகே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேற நேர்ந்தது.

அதன் பின்னர் நடந்தது வழக்கமான அரசியல். ஹத்னிகுண்டிலிருந்து வெளியேற்றப்படும் நீரின் அளவைக் குறைக்கக் கோரி அன்றைய தில்லி முதல்வர் அரவிந்த் கேஜரிவால், மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஹரியாணா அரசின் பராமரிப்பில் இருந்த ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் 5 மதகுகள் திறக்க முடியாமல் கிடந்தது பெரும் சர்ச்சையானது. இரு மாநில அரசுகளும் ஒன்றன் மீது ஒன்று பழி சுமத்தின. மதகைப் பற்றியும் கதவணையைப் பற்றியும் பேசியவர்கள், யமுனா பஜாரிலோ மயூர் விஹாரின் ஆற்றுப் படுகையிலோ வசித்த ஒரு குடும்பத்துக்கு எந்த நேரத்தில், யார் மூலம், எந்தச் சொற்களில் எச்சரிக்கை தெரிவிக்கப்பட்டது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

எண்கள் சொல்லாத செய்தி: கரையோரவாசிகள் தொலைக்காட்சியில் கேட்பது கன அடிக் கணக்கு. அந்தக் கணக்கை மட்டும் நம்ப முடியாது என்பதை யமுனையே காட்டியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்டிலிருந்து 8.28 லட்சம் கன அடி வரை தண்ணீர் வெளியேறியது. அப்போது தில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டருடன் நின்றுவிட்டது. 2023-இல் அதில் பாதிக்கும் குறைவான நீரே வெளியேறியது; நீர்மட்டமோ 2 மீட்டர் கூடுதலாக உயர்ந்தது. மிகுதியான நீர் நெடுநேரம் தொடர்ந்து வந்ததும், படுகையில் வண்டல் படிந்ததும், வெள்ளச் சமவெளி ஆக்கிரமிப்புகளாலும் கட்டுமானங்களாலும் குறுகிப்போனதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. 2019-இல் எட்டு லட்சம் கன அடிக்கே வராத வெள்ளம் இப்போது மூன்றரை லட்சத்துக்கா வரப்போகிறது என்று ஒரு முதியவர் நினைத்திருந்தால் அவரைக் குறை கூற இயலாது.

மீட்டர் கணக்கும் அவருக்கு உதவாது. 205.33 மீட்டர் என்பது கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படும் உயரம். பொறியாளருக்கு அது போதும். குடிசையில் வாழும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது வேறு. இன்றிரவு தண்ணீர் அடுப்பங்கரை வரை வருமா, கட்டில் வரை வருமா? மாட்டை எங்கே ஓட்டிச் செல்வது? எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தராத அறிவிப்பு, செய்தியாக மட்டுமே நின்றுவிடுகிறது. அது எச்சரிக்கை ஆவதில்லை.

நாட்டின் வெள்ளத் தடுப்புக் கொள்கை ஆற்றை அளப்பதில் செலுத்திய அக்கறையில் ஒரு பகுதியையேனும், ஆற்றோரம் வாழ்பவரைச் சென்றடைவதில் செலுத்த வேண்டும். வெள்ள அபாயம் உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் நகர வார்டிலும் எச்சரிக்கை பெற வேண்டிய குடும்பங்களின் பதிவேடு ஒன்று பருவமழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அதனைச் சட்டக் கடமையாக்குவதே இன்றைய தேவை.

இருக்கும் ஏற்பாடு: 1976-இல் அமைக்கப்பட்டு 1980-இல் அறிக்கை அளித்த தேசிய வெள்ள ஆணையம், நாட்டில் 4 கோடி ஹெக்டேர் நிலப்பரப்பு வெள்ளத்துக்கு உள்ளாகக் கூடியது என மதிப்பிட்டது. மத்திய நீர் ஆணையம் இன்று சுமார் 340 நிலையங்களுக்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. சில நிலையங்களில் ஆற்றின் நீர்மட்டமும், மற்றவற்றில் அணைகளுக்கு வரக்கூடிய நீரின் அளவும் முன்கூட்டியே கணிக்கப்படுகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் எச்சரிக்கை அளவு, அபாய அளவு, இதுவரை பதிவான உச்ச அளவு என மூன்று வரம்புகள் உண்டு. நீர்மட்டம் இவற்றைத் தாண்டுவதைப் பொருத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் எச்சரிக்கை வெளியாகிறது.

இந்தக் கணிப்புகளின் தொழில்நுட்பத் தரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் அவை முதலில் செல்வது மாநில அரசுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்தான். வெள்ளத் தடுப்பும் மக்களை வெளியேற்றுவதும் மாநில அரசுகளின் பொறுப்பு. தில்லியிலிருந்து மாநிலத் தலைநகருக்கும், அங்கிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், வட்டாட்சியருக்கும், கடைசியாகக் கிராமத்துக்கும் படிப்படியாக இறங்கும் செய்தி, ஒவ்வொரு படியிலும் சில மணி நேரத்தை இழக்கிறது. சில நேரங்களில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இந்தத் தாமதத்தைத் தவிர்க்க, மக்கள் நேரடியாகவே தகவல் பெறும் வகையில் "ஃபிளட்வாட்ச்" என்ற செல்லிடப்பேசிச் செயலியை 2023 ஆகஸ்டில் மத்திய நீர் ஆணையம் அறிமுகப்படுத்தியது. ஏழு நாள் வரையிலான கணிப்பு அதில் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால், அறிமுகமானபோது அது பேசிய மொழிகள் இரண்டே: ஆங்கிலமும் ஹிந்தியும். ஆண்டுதோறும் பிரம்மபுத்திராவில் மூழ்கும் அஸ்ஸாமியர், ஹூக்ளிக் கரையில் வாழும் வங்காளியர், மகாநதிக் கரையின் ஒடியா மக்கள், கோதாவரிக் கரையின் தெலுங்கு மக்கள் யாருக்கும் அது தாய்மொழியில் பேசவில்லை. மொழிப் பிரச்னையைப் பண்பாட்டு விவகாரமாக மட்டுமே பார்க்கும் தில்லி அதிகாரிகளுக்கு, அது உயிர்ப் பிரச்னையாகவும் இருக்கக்கூடும் என்பது புரிய வேண்டும்.

செல்லிடப்பேசியின் எல்லை: செயலியைப் பதிவிறக்கம் செய்யாதவர்களையும் சென்றடையும் வழி ஒன்று இப்போது உண்டு. ஒரு பகுதியில் உள்ள கோபுரங்களின் கீழ் இயங்கும் செல்லிடப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் உரத்த ஒலியுடன் அபாயச் செய்தி அனுப்பும் முறையை 2023-இல் தொலைத்தொடர்புத் துறையும் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் நாடு முழுவதும் சோதித்துப் பார்த்தன. முன்பதிவு தேவையில்லை, எண்ணும் தேவையில்லை. வட்டார மொழியிலும் அனுப்ப இயலும். அந்த ஆணையத்தின் "சசேத்" தளமும் செயலியும் இதே நோக்கில் செயல்படுகின்றன.

இவை பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெள்ளத்தின் முதல் அடி மின்சாரத்தின் மீதே விழுகிறது. மின்சாரம் போனால் செல்லிடப்பேசியின் உயிர் ஒரு நாள்தான். கோபுரங்களின் மின்கலங்கள் அதற்கும் முன்பே ஓய்ந்துவிடும். அது மட்டுமல்ல, 2019-21-இல் நடத்தப்பட்ட 5-ஆவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்லிடப்பேசியை வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம் மட்டுமே. கணவர் பஞ்சாபிலோ, சூரத்திலோ, திருப்பூரிலோ கூலி வேலைக்குச் சென்றுவிட்ட பிகார் கிராமத்து வீட்டில், குழந்தைகளோடும் முதியோரோடும் இருக்கும் பெண்ணின் கையில் அந்தக் கருவி இல்லாமல் போகலாம். எச்சரிக்கை ஒலி எழும்புவது ஆயிரம் மைல்களுக்கு அப்பால் உள்ள கணவரின் சட்டைப் பையிலும் அல்ல. அந்தச் செய்தி பேசியைத் தேடிச் செல்வதில்லை, இடத்தைத் தேடியே செல்கிறது.

மற்றொரு குறைபாடும் உண்டு. ஒரு மாவட்டம் முழுவதுக்கும் பொதுவாக "தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று அடிக்கடி செய்தி வந்தால், நான்காவது முறை அதை யாரும் படிக்க மாட்டார்கள். தாழ்வான பகுதி எது, பாதுகாப்பான இடம் எது என்பதை அந்தந்த ஊர்தான் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஆறு திசை மாறினால்: 2008 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நேபாளத்தின் குசஹா என்ற இடத்தில் கோசி நதியின் கிழக்குக் கரை உடைந்தது. கோசி கதவணை 9.5 லட்சம் கன அடி நீரைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அன்று ஆற்றில் ஓடிய நீர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கரை உடைந்ததும் நதி தன் பழைய தடங்களைத் தேடிக் கிழக்கே பாய்ந்தது. சுபௌல், மாதேபுரா, அராரியா, சஹர்ஸா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். அதனை தேசியப் பேரிடர் என்றே அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் குறிப்பிட்டார்.

அந்த மக்களில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளாகக் கோசியின் வெள்ளத்தைக் காணாதவர்கள். கரை தங்களைக் காக்கும் என்று நம்பியவர்கள். படகு இல்லை, பரண் இல்லை, எந்தத் திசையில் ஓடுவது என்ற பழக்கமும் இல்லை. ஆற்றின் வழக்கமான தடத்தில் நிற்கும் அளவுகோல், ஆறு வேறு தடத்துக்குப் போவதைச் சொல்லாது. கரையின் காவலர் சொல்ல வேண்டும். கரைக்கு வெளியே உள்ள ஊர்களின் பெயர்களும் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் இறுதியில் வீர்பூரில் உள்ள கோசி கதவணையிலிருந்து 6.61 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. 1968-க்குப் பிறகு அதுவே அதிக அளவு. அப்போதும் பிகாரில் பல இடங்களில் கரைகள் உடைந்தன. 2008-இன் பாடம் பழைய செய்தி அல்ல.

அணைகளின் கீழே வாழ்வோரின் நிலையும் இதுவே. 2023 அக்டோபர் 4-ஆம் தேதி நள்ளிரவில் சிக்கிமின் தெற்கு லோனக் பனி ஏரி உடைந்து, தீஸ்தா நதியில் பெருக்கெடுத்த நீர் சுங்தாங் அணையையே அடித்துச் சென்றது. உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் மிகச் சொற்பம். 2016 மார்ச் நிலவரப்படி நாட்டின் 4,862 பெரிய அணைகளில் 349 அணைகளுக்கு மட்டுமே அவசரகாலச் செயல்திட்டம் இருந்ததை மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. நூற்றுக்கு ஏழு! அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் நிறைவேறி, ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும் என்று விதித்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்த இரவைச் சென்னைவாசிகள் மறந்திருக்க முடியாது. காகிதத்தில் திட்டம் தயாரிப்பது ஒன்று. கீழே இருக்கும் தெருவுக்கு அது தெரிந்திருப்பது வேறொன்று.

வழிகாட்டும் ஊர்கள்: இதற்குத் தீர்வு காண வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1999 அக்டோபரில் ஒடிஸாவைத் தாக்கிய பெரும் புயலில் சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்திலிருந்து அம்மாநிலம் பாடம் கற்றது. தனி பேரிடர் மேலாண்மை அமைப்பு உருவானது. கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. கிராமக் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2013-இல் ஃபைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. கஞ்சம் மாவட்டத்தின் வெங்கட்ராய்பூர், ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் நோலியாசாஹி ஆகிய இரு கிராமங்கள், சுனாமியை எதிர்கொள்ளத் தயாரான ஊர்கள் என 2020-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. வீடு வீடாகச் சென்று பேசியதும், ஒத்திகை நடத்தியதும், வெளியேறும் பாதையை ஊராரே வரைந்ததும்தான் அந்த அங்கீகாரத்தின் அடிப்படை.

அஸ்ஸாமின் தேமாஜி, லக்கிம்பூர் மாவட்டங்களில் ஜியாதல், சிங்கோரா ஆறுகளில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி இன்னும் எளிமையானது. காத்மாண்டில் உள்ள ஒருங்கிணைந்த மலைப் பகுதி மேம்பாட்டுக்கான சர்வதேச மையமும் "ஆரண்யக்" என்ற குவாஹாட்டி அமைப்பும் இணைந்து, ஆற்றின் மேற்பகுதியில் சிறு கருவியைப் பொருத்தின. நீர் குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்தால் கரையோர வீடு ஒன்றில் ஒலி எழும். அந்த வீட்டுக்காரர் கீழ்ப்பகுதி ஊர்களுக்குச் செல்லிடப்பேசியில் சொல்வார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் அவரிடம் தயாராக இருக்கும். இந்த முயற்சிக்கு 2014-இல் ஐ.நா. பருவநிலை அமைப்பின் விருது கிடைத்தது. பின்னர் நேபாளத்திலிருந்து பிகாரின் சீதாமடி மாவட்டத்துக்குள் நுழையும் ராது ஆற்றிலும் இதே முறை ஏற்படுத்தப்பட்டது. 2017 ஆகஸ்ட் வெள்ளத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு, இந்தியக் கிராமங்களுக்குச் சில மணி நேர அவகாசத்தைத் தந்தது. இரு நாட்டு அரசுகளுக்கு இடையே கோப்புகள் நகரும் வேகத்தைவிட, இரு கரைகளில் வாழும் இரு மனிதர்களின் பேச்சு வேகமாகச் சென்றது.

தமிழகத்திலும் வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் கட்டம், 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம் என எச்சரிக்கை விடப்படுவதை ஆற்றோர மாவட்ட மக்கள் அறிவர். சங்கு ஒலிக்கும், கரையோர ஊர்களுக்கு அறிவிப்புச் செல்லும். படிப்படியான, எல்லோருக்கும் பழகிய, எண்ணும் பொருளும் ஒன்றாக இணைந்த எச்சரிக்கையை மக்கள் எளிதில் ஏற்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

பதிவேட்டில் என்ன வேண்டும்?: வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாகச் செல்லும் அரசு இயந்திரம், போலியோ சொட்டு மருந்துக்காகக் கடைசிக் குடிசை வரை சென்று வென்ற அரசு இயந்திரம், வெள்ள எச்சரிக்கைக்காகவும் ஆண்டுக்கு ஒரு முறை செல்ல இயலும். மே மாதம் அதற்கு ஏற்ற காலம். அங்கன்வாடிப் பணியாளரும், ஆஷா பணியாளரும், மகளிர் சுயஉதவிக் குழுவினரும், "ஆப்த மித்ரா" திட்டத்தில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் பயிற்சி அளித்த தன்னார்வலர்களும் ஊரை அறிந்தவர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் எச்சரிக்கை பெற வேண்டிய இருவரின் எண்கள் பதியப்பட வேண்டும். அவற்றில் ஒன்று வீட்டில் இருக்கும் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். பேசி இல்லாத வீட்டுக்கு நேரில் சென்று சொல்லும் பொறுப்பு எந்த அண்டை வீட்டாருடையது என்பதும் எழுதப்பட வேண்டும். கர்ப்பிணிகள், படுக்கையில் கிடப்போர், மாற்றுத்திறனாளிகள், தனியே வாழும் முதியோர், கால்நடைகளின் எண்ணிக்கை ஆகியவை தனியே குறிக்கப்பட வேண்டும்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்போருக்குச் செயலியைப் பொருத்திக் கொடுப்பதும், அதில் தங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கற்றுத் தருவதும் அந்த வருகையின் ஒரு பகுதியாக வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்கள் வீட்டுக் கதவில் ஒட்டப்பட வேண்டும். பள்ளிச் சுவரிலும் மின்கம்பத்திலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கோடுகள் வரையப்பட்டு, அவை ஆற்றின் அளவுகோலோடு பொருத்தப்பட வேண்டும். "நதி அபாய அளவைத் தொட்டால் இந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்" என்பது யாருக்கும் புரியும். மின்சாரம் இல்லாத இரவுக்கு ஒலிபெருக்கியும், கோயில் மணியும், மசூதி ஒலிபெருக்கியும், தண்டோராவும் இன்றும் துணை நிற்கும்.

எச்சரிக்கை கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். குடும்ப அட்டை, நிலப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வைத்தல், விதை நெல்லைப் பரணில் ஏற்றுதல், கைப்பம்பின் மேடையை உயர்த்துதல், மாடுகளுக்கான மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்தல் எல்லாம் சிறு செயல்கள். ஆனால், வெள்ளம் வடிந்த பின் ஒரு குடும்பம் மீண்டெழுவதா, கடனில் மூழ்குவதா என்பதை இவையே தீர்மானிக்கின்றன. மாட்டுக்கு இடமில்லாத முகாமுக்கு விவசாயி வர மாட்டார். கழிப்பறை வசதி இல்லாத முகாமுக்குப் பெண்கள் வரத் தயங்குவர். வீட்டில் திருடு போகும் என்ற அச்சம் இருக்கும்வரை ஆண்கள் கூரை மீதே நிற்பர். இவற்றைப் புறக்கணித்துவிட்டு, மக்கள் ஒத்துழைக்கவில்லை என அதிகாரிகள் கூறுவது முறையாகாது.

தயக்கங்களும் விடையும்: இந்தப் பதிவேட்டுக்கு எதிராக வெளிப்படையாகச் சொல்லப்படாத தயக்கம் ஒன்று உண்டு. வெள்ளச் சமவெளியில் வாழும் ஏழைகள் பலர் அரசின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர்கள். யமுனைப் படுகையிலிருந்து அவர்களை அகற்றும் நடவடிக்கைகள் பல முறை நடந்துள்ளன. பெயரைப் பதிந்தால் நாளை உரிமை கோருவர் என அதிகாரிகள் அஞ்சலாம். பெயரைக் கொடுத்தால் நாளை அதை வைத்தே அப்புறப்படுத்துவர் என மக்களும் அஞ்சலாம். அஸ்ஸாமின் ஆற்றுத் திட்டுகளில் வாழ்வோரின் குடியுரிமை குறித்தே சந்தேகம் எழுப்பப்படும் சூழலில், அந்த அச்சம் இன்னும் ஆழமானது. எனவே, எச்சரிக்கைக்காகத் தரப்படும் விவரம் நில உரிமைக்கும் சான்றாகாது, வெளியேற்றத்துக்கும் சான்றாகாது, வேறெந்தத் துறைக்கும் தரப்படாது என்று சட்டமே உறுதி அளிக்க வேண்டும். பட்டா இல்லாதவர் என்பதால் ஒருவருக்கு எச்சரிக்கை பெறும் உரிமையும் இல்லை என்று ஒரு குடியரசு சொல்ல முடியாது.

எச்சரிக்கை பொய்த்துப் போனால் மக்கள் அடுத்த முறை நம்ப மாட்டார்கள் என்பது மற்றொரு வாதம். அது உண்மையே. அதனால்தான் படிநிலை எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆயத்தமாகுங்கள் என்பதும், வெளியேறுங்கள் என்பதும் வெவ்வேறு கட்டங்கள் என்பதை மக்கள் அறிந்திருந்தால், தண்ணீர் வராமல் போனாலும் நம்பிக்கை கெடாது. வராத வெள்ளத்துக்கான காரணத்தை மறுநாளே ஊரைக் கூட்டி விளக்கும் நிர்வாகம், வருகிற வெள்ளத்துக்கு முன் மதிக்கப்படும்.

பணம் இல்லை என்ற வாதம் எடுபடாது. 2021-26 காலத்துக்கு 15-ஆவது நிதி ஆணையம் வகுத்த ஏற்பாட்டில், மாநிலப் பேரிடர் நிதியின் ஒரு பகுதி ஆயத்தப் பணிகளுக்கும் திறன் வளர்ப்புக்கும் எனத் தனியே ஒதுக்கப்பட்டது. பேரிடர் தணிப்புக்கெனத் தனி நிதியும் உருவாக்கப்பட்டது. நிவாரணப் பொட்டலத்தில் தலைவர்களின் படம் இடம்பெறுகிறது. பதிவேட்டுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. தடை நிதி அல்ல, நாட்டம்.

சட்டத்தின் இடைவெளி: பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. 2025-இல் அது திருத்தப்பட்டு, மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்யப்பட்டது. ஆனால் தில்லிக்கும் சண்டீகருக்கும் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2023-இல் தத்தளித்த தலைநகரில் 2025 செப்டம்பரிலும் யமுனை 207.48 மீட்டரைத் தொட்டது. மத்திய அரசு, தில்லி அரசு, மாநகராட்சி, ஹரியாணா அரசு என அதிகாரம் பல கைகளில் சிதறிக் கிடக்கும் நகருக்குத்தான் ஒரே பொறுப்பாளர் அதிகம் தேவை.

உலகில் உள்ள ஒவ்வொருவருக்கும் 2027-ஆம் ஆண்டு இறுதிக்குள் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்ற இலக்கை ஐ.நா. சபை 2022-இல் அறிவித்தது. செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் செயலிகளின் எண்ணிக்கையும் அந்த இலக்கை எட்டியதற்குச் சான்றாகா. ஆற்றோரக் கிராமத்தின் கடைசி வீட்டில் இருப்பவருக்கு நேரம் இருக்கும்போதே தகவல் கிடைத்ததா என்பதே அளவுகோல்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. அணையும் கரையும் கட்டிய பிறகும் வெள்ளம் வரும் என்பதை அரை நூற்றாண்டு அனுபவம் காட்டிவிட்டது. நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வெள்ள நிவாரணத் தொகை குறித்து உரத்த குரல்கள் எழுகின்றன. அவற்றோடு, தங்கள் தொகுதியில் எத்தனை ஊராட்சிகளில் எச்சரிக்கைப் பதிவேடு இருக்கிறது, கடைசியாக ஒத்திகை நடந்தது எப்போது என்ற கேள்வியையும் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். அவர்கள் எழுப்பாவிட்டால், அடுத்த பருவமழைக்கு முன் வாக்காளர்கள் அவர்களிடம் எழுப்ப வேண்டும்.